திறந்தவெளியில் நிற்கும் காருக்கு மெழுகா, சீலன்ட்டா, செராமிக்கா?

என் கார் ஒன்பது ஆண்டுகளாகத் திருவான்மியூரில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் பாதி நிழலில் நிற்கிறது. அடர் நீல நிறம். கழுவக் கிடைப்பது போர் தண்ணீர். இவற்றை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பெயிண்ட்டைக் காக்க மெழுகு பூசுவதா, சீலன்ட் எனும் செயற்கைப் பூச்சைப் பூசுவதா, பெரிய தொகை கொடுத்துச் செராமிக் கோட்டிங் செய்துகொள்வதா என்று கேட்பவர்களிடம், கார் எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் கழுவப்படுகிறது, யார் கையால் துடைக்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளைத்தான் நான் திருப்பிக் கேட்கிறேன். எந்த டப்பா சிறந்தது என்ற கேள்வி அவற்றுக்குப் பிறகுதான் வரவேண்டும்.

எதைக் காக்கிறோம் என்பதைப் பார்ப்போம். இன்றைய கார்களில் தகட்டின் மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும்: துருவைத் தடுக்க மின்முறையில் ஏற்றப்படும் முதல் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரைதான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. காரின் பளபளப்பு முழுவதும் இந்த அடுக்கில் இருக்கிறது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களையும் தயாரிப்பாளர்கள் இதிலேயே கலந்துவிடுகிறார்கள். நாம் மேலே பூசும் மெழுகோ சீலன்ட்டோ ஒரு மைக்ரானை எட்டுவதே அரிது என்பதால், அது வெயிலைத் தடுக்கும், கல் தெறிப்பைத் தாங்கும், கீறலைத் தவிர்க்கும் என்றெல்லாம் எதிர்பார்ப்பதற்கில்லை. பெயிண்ட்டின் மேல் விழும் அழுக்குக்கும் கிளியர் கோட்டுக்கும் இடையில் நின்று, முதல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு தேய்ந்துபோவதுதான் அதன் வேலை. அந்த வேலையை எது எத்தனை நாள் செய்கிறது என்பதே இந்த ஒப்பீடு.

சென்னையில் பெயிண்ட்டின் மேல் விழுவனவற்றில் பறவை எச்சத்துக்கே முதலிடம். அதன் வெண்மையான பகுதி யூரிக் அமிலம். அடர்நிறக் கார் கத்திரி வெயிலில் நின்றால் பானெட்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது, எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் தகடு குளிரும்போது கிளியர் கோட் சுருங்கி, இறுகிக் கிடக்கும் எச்சத்தின் வடிவத்தையே தன்மேல் வாங்கிக்கொள்கிறது. கழுவிய பிறகும் மங்கலாகத் தெரியும் அந்தத் தடத்தைக் கறை என்று நினைத்துத் தேய்க்கிறோம். உண்மையில் அது பள்ளம். நாவல் பழக் காலத்தில் ஊதா நிறமும் இதோடு சேர்ந்துகொள்ளும். அடுத்து, மரத்திலிருந்து சொட்டும் பிசுபிசுப்பு. மூன்றாவது, உப்புத் தண்ணீர் காய்ந்த வெண்திட்டுகள். கடற்காற்றைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். ஆனால் காற்றில் வரும் உப்பு, முழுமையாக இருக்கும் கிளியர் கோட்டை அரிப்பதில்லை. பெயிண்ட் பெயர்ந்து தகடு வெளிப்பட்ட இடத்திலும், கதவின் அடி விளிம்பிலும், சக்கர வளைவின் உட்புறத்திலும்தான் அது துருவை வேகப்படுத்துகிறது. அங்கெல்லாம் நாம் மெழுகு பூசுவதே இல்லை என்பதால், கடலோரத்தில் வசிப்பவர் மெழுகை நம்பித் துருவை மறந்துவிடக் கூடாது.

கார்னாபா மெழுகிலிருந்து தொடங்குகிறேன். பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை இனம், வறண்ட காலத்தில் நீர் ஆவியாகிவிடாமல் இருக்கத் தன் ஓலைகளின் மேல் சுரக்கும் மெழுகு இது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுமினுப்புத் தருவதும் இதே மெழுகுதான். 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். தூய நிலையில் கல்போல இருக்கும். கையால் பூச முடியாது. ஆகவே டப்பாவில் நமக்குக் கிடைப்பது கரைப்பான், எண்ணெய், தேன்மெழுகு போன்றவற்றோடு சேர்த்துக் குழைத்த கலவை. ‘100 சதவீதக் கார்னாபா’ என்று அச்சிட்டிருந்தால், உள்ளே இருக்கும் கார்னாபாவில் வேறு கலப்படம் இல்லை என்று கொள்ளலாமே தவிர, டப்பா முழுவதும் கார்னாபா என்று கொள்ள முடியாது. இப்படிக் குழைத்த கலவை, தூய கார்னாபாவைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும் என்பது நம் ஊர்க்காரர் கவனிக்கவேண்டிய செய்தி. நிழலில் நிற்கும் காரில் இரண்டு மாதம் வரை இருக்கும் மெழுகு, சென்னையின் திறந்தவெளியில் நான்கு முதல் ஆறு வாரங்களில் போய்விடுகிறது. இளகிய மெழுகில் தூசியும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் அதை ஏன் வாங்கவேண்டும்? அழகுக்காகத்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கறுப்பு, அடர் நீலம், அடர் சிவப்பு நிறங்களில் நல்ல கார்னாபா தரும் ஆழமும் கனிவும் வேறெதிலும் அப்படியே வருவதில்லை. எண்ணெய் தேய்த்த கருங்காலி மரத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். வெள்ளைக் காரிலும் வெள்ளி நிறக் காரிலும் இந்த வேறுபாடு கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. ஆகவே வெள்ளைக் கார் வைத்திருப்பவர் கார்னாபாவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயன் இல்லை.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர்களால் ஆனது. பெரும்பாலும் சிலிக்கோன் வகையைச் சேர்ந்தவை. இவை பெயிண்ட்டின் மேல் வெறுமனே படிந்திராமல், தமக்குள் பிணைந்து ஒரு வலைபோல் இறுகுகின்றன. அதற்குச் சில மணி நேரம் தேவை. குப்பியில் குறிப்பிட்ட அந்த நேரத்துக்குள், சிலவற்றில் 12 மணி நேரம் வரைக்கும், தண்ணீர் படக் கூடாது. கார்னாபாவைவிடச் சூட்டையும் ஷாம்புவையும் கூடுதலாகத் தாங்கும். ஆறு மாதம் என்று குப்பி சொல்லும். திறந்தவெளியில் நான் மூன்றரை முதல் நான்கு மாதம் என்று வைத்துக்கொள்கிறேன். பளபளப்பு கண்ணாடிபோல் கூர்மையாக இருக்கும். கார்னாபாவின் கனிவு இருக்காது. வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. மெகுவயர்ஸ் நிறுவனத்தின் ‘அல்டிமேட் லிக்விட் வேக்ஸ்’ பெயரில் வேக்ஸ் என்று இருந்தாலும் செயற்கைப் பாலிமர் வகையே. காலினைட் 845 போன்றவை இரண்டையும் கலந்தவை. குப்பியின் முன்பக்கத்து எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் ‘பாலிமர்’, ‘சிந்தெடிக்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுவதே பாதுகாப்பு.

இந்த இரண்டையும் நானே ஒரே பானெட்டில் ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறையில், பானெட்டின் நடுவே மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி, இடப்பக்கம் கார்னாபாக் குழைவையும் வலப்பக்கம் திரவ சீலன்ட்டையும் பூசினேன். மறுநாள் காலையில் மாடியிலிருந்து எட்டிப்பார்த்த என் மனைவி, நான் எதுவும் சொல்லாமலேயே, இடப்பக்கம் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறதே என்றார். அழகில் கார்னாபா வென்றது உண்மை. ஐந்தாவது வாரம் வரை இரு பக்கமும் தண்ணீரைத் துளித்துளியாகவே உருட்டின. ஆறாவது வாரம் கழுவியபோது இடப்பக்கத்தில் தண்ணீர் உருளாமல் தட்டையாகப் பரவி நின்றது. வலப்பக்கம் முதல் நாள்போலவே இருந்தது. மே மாதத்தின் நடுவில்தான் வலப்பக்கமும் சோர்ந்தது. அதற்குள் இடப்பக்கத்தில், டேப் ஒட்டிய கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு காக்கை எச்சத் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. வலப்பக்கத்தில் விழவில்லை என்று சொல்லவில்லை. விழுந்தவை கழுவியதும் தடமின்றிப் போயின.

தண்ணீர் முத்துமுத்தாக நிற்பதைக் கண்டு மகிழ்கிறோம். விளம்பரங்களும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் போர் தண்ணீரில் கழுவுபவருக்கு அந்த முத்துகளே பகை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் குறிக்கும் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்திருக்கிறது. கடலோரக் கிணறுகளில் இந்த உச்சத்தையும் தாண்டுவது புதிதல்ல. அத்தகைய தண்ணீர் தட்டையாகப் பரவிக் காய்ந்தால் மெல்லிய வெண்படலம் படியும், துடைத்தால் போய்விடும். அதே தண்ணீர் உருண்டை முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால், அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் ஒரு சிறு வட்டத்துக்குள் குவிந்து இறுகிவிடும். சந்தேகம் இருப்பவர், கழுவும் தண்ணீரில் இரண்டு துளியை ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு வெயிலில் வைத்துப் பார்க்கலாம். அரை மணி நேரத்தில் விளிம்பு தடித்த வெண்வளையம் விடை சொல்லும். ஆகவே இப்படிப்பட்ட இடங்களில், துளியை நிற்கவிடாமல் வழித்து இறக்கும் சீலன்ட்டே நல்லது. அதைவிட முக்கியம், கழுவிய உடனே உலர்த்துவது. கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி மெட்ரோ தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ பயன்படுத்தினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். புதிதாகப் படிந்த வட்டங்களை, தண்ணீர் பாதி வினிகர் பாதி கலந்து நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால் கரைக்கலாம். ஆனால் அந்த இடத்து மெழுகும் அதோடு போயிருக்கும் என்பதை நினைவில் வைத்து மறுபடி பூசவேண்டும்.

ஈரக் காரின் மேலேயே தெளித்துத் துடைக்கும் சிலிக்கா ஸ்பிரேக்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. பத்து நிமிட வேலை. ஒன்று முதல் இரண்டு மாதம் பயன். சீலன்ட் பூசிய காரில் இடையிடையே தெளித்து அதன் ஆயுளை நீட்டிக்க இவை மிகவும் பொருத்தமானவை. இதையே தனிப் பாதுகாப்பாக நம்புவதை நான் பரிந்துரைப்பதில்லை.

செராமிக் கோட்டிங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் பணம் அதிகம். சிலிக்கான் சேர்மங்கள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, கண்ணாடி போன்ற ஒரு படலமாகப் பெயிண்ட்டோடு பிணைகின்றன. ஷாம்புவிலோ வெயிலிலோ எளிதில் போவதில்லை. நல்ல பொருளும் நல்ல கையும் அமைந்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் நிற்கும். அமிலத்தையும் காரத்தையும் மெழுகைவிட வெகுவாகத் தாங்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் ‘9எச் கடினம்’ என்ற சொல்லைக் கேட்டு, சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது என்று நம்பிவிடக் கூடாது. அது பென்சில் சோதனை: பல கடினத்தில் உள்ள பென்சில்களைக் குறிப்பிட்ட கோணத்தில் வைத்துத் தள்ளி, எது கீறுகிறது என்று பார்ப்பது. 9எச் என்பது வழக்கமாக அந்தச் சோதனையில் பயன்படும் பென்சில்களில் மிகக் கடினமானது. மணல் கலந்த துணிக்கு முன் ஒரு பென்சில் என்ன செய்யும்? மேலும், கோட்டிங் செய்த காரிலும் போர் தண்ணீர் வட்டங்கள் படியும். படலம் தண்ணீரை இன்னும் உருண்டையாக நிறுத்துவதால் சில நேரம் கூடுதலாகவே படியும். அடியில் இருக்கும் கீறலைப் பாலிஷ் செய்து நீக்காமல் கோட்டிங் செய்தால், அந்தக் கீறல் படலத்தின் அடியில் அப்படியே தங்கிவிடும். பின்னர் அதைச் சரிசெய்யப் படலத்தையே தேய்த்து எடுக்கவேண்டும். கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த முன்வேலைக்கானது என்பதால், எத்தனை நாள் காரை வைத்திருப்பார்கள், பெயிண்ட்டின் தடிமனைக் கருவியால் அளப்பார்களா என்று கேட்பது நம் உரிமை. காலையில் வாங்கி மாலையில் தந்துவிடுகிறேன் என்பவரிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

புதுக் கார் வாங்கும்போது விற்பனையகத்திலேயே ‘டெஃப்லான் கோட்டிங்’ சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நானும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் விற்பனையகத்தில் அதற்குப் பணம் கட்டினேன்; மூன்றாம் மாதத்திலேயே கார் எந்தப் பூச்சும் இல்லாத காரைப்போல ஆகிவிட்டது. பிறகுதான் காரணம் புரிந்தது. டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ 327 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும் பொருள். தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க அதைவிடக் கூடுதலான சூட்டில் சுடுகிறார்கள். கார் பெயிண்ட் அந்தச் சூட்டில் கருகிவிடும். ஆகவே காரின் மேல் பூசப்படுவது பிடிஎஃப்இ துகள் கலந்த ஒரு மெழுகோ சீலன்ட்டோதான். பிடித்து நிற்பதும் அந்த மெழுகின் ஆயுள் வரைக்கும்தான். அதே தொகைக்கு நல்ல சீலன்ட் குப்பிகள் இரண்டு மூன்று வாங்கிவிடலாம். ஒரு முறைக்கு 30 மில்லிலிட்டருக்கு மேல் செலவாகாது என்பதால் ஆண்டுக்கணக்கில் வரும்.

கல் தெறிப்பு உண்மையிலேயே கவலை என்றால், 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலமான பிபிஎஃப் ஒன்றே தீர்வு. முழுக் காருக்கும் ஒட்ட ஒரு லட்சத்தைச் சுற்றியோ அதற்கு மேலோ ஆகும். தினமும் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகிறவர், முன் பம்பருக்கும் பானெட்டின் முன்விளிம்புக்கும் மட்டும் ஒட்டிக்கொள்வது நியாயமான செலவு.

இனி, யார் கை துடைக்கிறது என்ற கேள்வி. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவர் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் இருபது கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதத்துக்குச் சில நூறு ரூபாய்க்கு நாம் கேட்ட வேலையைத்தான் அவர் செய்கிறார். ஆனால் முதல் காரின் மண்ணும் ஐந்தாவது காரின் மண்ணும் அந்தத் துணியில் சேர்ந்து, பத்தாவது காரின் பானெட்டை மிக மெல்லிய அரத்தால் ராவுவதுபோல ராவுகின்றன. வெயிலில் சாய்ந்து பார்த்தால் சிலந்திவலைபோல வட்டவட்டமாகத் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. இந்தத் துடைப்புக்கு முன் கார்னாபா இரண்டு வாரம் தாங்குவதே அரிது. செராமிக் நின்றாலும் கீறலோடுதான் நிற்கும். நான் எங்கள் குடியிருப்பில் துடைப்பவரிடம் பேசி, என் காரைத் தினமும் துடைக்கவேண்டாம், வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்று சொல்லி, எனக்கென்று மூன்று மைக்ரோஃபைபர் துணிகளைக் கொடுத்து, அதே சம்பளத்தைத் தொடர்கிறேன். பெயிண்ட்டுக்காக நான் செய்த செலவுகளில் அதிகப் பலன் தந்தது இதுதான். இதைச் செய்ய வழி இல்லாதவர் செராமிக்குக்குப் பணம் கட்டுவதைத் தள்ளிப்போடலாம்.

எதைத் தேர்ந்தாலும், பூசுவதற்கு முன் பெயிண்ட் சுத்தமாக இருக்கவேண்டும். கழுவி உலர்த்திய பானெட்டின் மேல், ஒரு மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள் இருக்கும் விரலுக்கு உப்புத்தாள்போல் நறநறக்கும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகளும் தார்ப்புள்ளியும் கிளியர் கோட்டில் பதிந்திருப்பதே அதற்குக் காரணம். ஷாம்பு நீரைத் தெளித்தபடி கார் பெயிண்ட்டுக்கென்றே விற்கும் டீடெய்லிங் களிமண்ணை அழுத்தாமல் ஓட்டினால் அவை வந்துவிடும். களிமண் கட்டி கீழே விழுந்தால் எடுத்து மறுபடி பயன்படுத்தாமல் எறிந்துவிடவேண்டும். இதைச் செய்யாமல் பூசினால், மிக விலையுயர்ந்த சீலன்ட்டும் பெயிண்ட்டில் ஒட்டாமல் அழுக்கின் மேல் ஒட்டும். பூசுவது நிழலில், தகடு கைக்குச் சூடில்லாதபோது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய படலமாக இருக்கவேண்டும். தடித்துப் பூசினால் துடைத்து எடுக்கும் வேலைதான் கூடும். கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்புகளில் மெழுகு பட்டால் வெண்மையாகக் காய்ந்துவிடும் என்பதால் அங்கு முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். சீலன்ட்டின் மேல் கார்னாபா பூசலாம்; கார்னாபாவின் மேல் சீலன்ட் பூசினால் அது பெயிண்ட்டைத் தொடாமலே போகும். டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதியில் கரைப்பான் வெளியேற இரண்டு மாதமாவது அவகாசம் விட்டுப் பூசுவது நல்லது. தொழிற்சாலையிலிருந்து வரும் பெயிண்ட் கடும் சூட்டில் சுடப்பட்டது என்பதால் அதற்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். திறந்தவெளியில் நின்று, உப்புத் தண்ணீரில் கழுவப்படும் பெரும்பாலான கார்களுக்குச் செயற்கை சீலன்ட்டே சரியான தேர்வு. மூடிய நிறுத்துமிடம், அடர்நிறக் கார், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரம் காரோடு கழிக்கும் ஆசை ஆகிய மூன்றும் உள்ளவர் கார்னாபாவைத் தயங்காமல் வாங்கலாம். அவருக்கு அது தரும் இன்பம் வேறெதிலும் இல்லை. புதுக் காரை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்கப்போகிறவர், நல்ல தண்ணீரும் தன் கைக் கழுவலும் உறுதியானால் மட்டும் செராமிக்குக்குப் போகலாம். பத்து ஆண்டு கடந்து கிளியர் கோட் வெளுத்து உரியத் தொடங்கிய காருக்கு இவற்றில் எதுவும் உதவாது. அதற்குப் பெயிண்ட் கடைதான்.

என் காருக்கு ஆண்டில் மூன்று நாள் குறித்து வைத்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசி ஞாயிறு, களிமண் ஓட்டிச் சீலன்ட். பொங்கலை ஒட்டி மறுபடி சீலன்ட், அதன் மேல் பானெட்டிலும் கூரையிலும் மட்டும் கார்னாபா, வீட்டாரின் கண்ணுக்காக. கத்திரி தொடங்குவதற்கு முன், ஏப்ரல் இறுதியில், மூன்றாம் முறை சீலன்ட். இடையில் காரின் பின்னிருக்கையில் ஒரு சிறு ஸ்பிரே பாட்டிலும் ஒரு ஈரத்துணியும் எப்போதும் கிடக்கும். எச்சம் விழுந்ததைப் பார்த்தால், அதன் மேல் நனைத்த துணியை இரண்டு நிமிடம் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் அள்ளி எடுத்துவிடுவேன்.